ஒரு மில்லி விநாடி அவகாசம்

பெர்லின் நகரின் வெட்டிங் பகுதியில், லிஃப்ட் இல்லாத பழைய குடியிருப்பு ஒன்றின் நான்காம் மாடியில், மூன்று பேர் சேர்ந்து கேம் பாய்க்குப் புதிதாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறார்கள். 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த கையடக்க கேம் கருவியான அதே கேம் பாய்தான். மூவருக்கும் இது பிழைப்பு இல்லை. நிரல் எழுதும் அம்மையார் பகலில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். படம் வரையும் இளைஞர் அச்சகத்தில் வடிவமைப்பாளர். கார்ட்ரிட்ஜ் செய்பவர் டிவி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று மூவருமே கேட்டுக்கொண்டதால் செய்கிற வேலையைச் சொல்லியே எழுதுகிறேன்.

கன்சோலைத் தயாரித்த நிறுவனத்தின் உரிமமோ உதவியோ இல்லாமல் அதற்கு கேம் எழுதுவதை ஹோம்ப்ரூ என்கிறார்கள். கேம் பாய் கடைகளில் விற்ற காலத்தில் அதற்கு கேம் எழுத வேண்டுமானால் அதைத் தயாரித்த நிண்டெண்டோவோடு ஒப்பந்தம் வேண்டும். கையேடும் தனிக் கருவிகளும் ஒப்பந்தக்காரர்களுக்கு மட்டுமே கிடைத்தன. இன்று வீட்டு மேசைக் கணினி ஒன்று போதும் என்கிறார்களே, அது எப்படிப் போதுமானது என்று பார்க்கத்தான் போயிருந்தேன்.

அம்மையாரின் கணினி ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட டெஸ்க்டாப். லினக்ஸ் ஓடுகிறது. விண்டோஸாக இருந்தாலும் வேலை பெரிதாக மாறாது என்றார். எனக்காக ஒரு புதிய பயனர் கணக்கைத் திறந்து, ஒன்றுமே இல்லாத நிலையிலிருந்து ஆரம்பித்தார். முதலில் ஆர்ஜிபிடிஎஸ் என்ற தொகுப்பை இறக்கினார். அதில் நான்கு சின்ன நிரல்கள். அசெம்ப்ளி மொழியில் எழுதியதை இயந்திர மொழியாக்க ஒன்று. அப்படிக் கிடைத்த துண்டுகளை முகவரி பார்த்து ஒரே கோப்பாகக் கோக்க ஒன்று. பிஎன்ஜி படத்தை கேம் பாய்க்குப் புரியும் டைல்கள் என்ற சின்னச் சதுரங்களாக வெட்ட ஒன்று. முடிந்த கோப்பின் தலைப்பகுதியைச் சரிசெய்ய ஒன்று. அடுத்து, கேம் பாயின் வன்பொருள் முகவரிகளுக்கெல்லாம் பெயர் சூட்டி வைத்திருக்கும் ஒரு கோப்பை எடுத்து வைத்தார். பிறகு, கணினிக்குள்ளேயே கேம் பாயைப் போல நடந்துகொள்ளும் ஓர் எமுலேட்டர். எழுதுவதற்கு எந்த டெக்ஸ்ட் எடிட்டரும் சரி. பட்டறை அவ்வளவுதான். டெர்மினலில் மூன்று கட்டளை தட்டினார். எமுலேட்டர் திரையில் ஒரு கறுப்புக் கட்டம் இடமிருந்து வலமாக நகர்ந்தது. எனக்கு ஊற்றிக் கொடுத்திருந்த காபி இன்னும் ஆறவில்லை.

அசெம்ப்ளி வேண்டாம், சி மொழி தெரியும் என்கிறவர்களுக்கு ஜிபிடிகே-2020 இருக்கிறது. சுருக்கிய கோப்பாக இறக்கி, விரித்து வைத்தால் போதும். உள்ளே வேலை செய்வது எஸ்டிசிசி கம்பைலர்; சின்னச் சில்லுகளுக்கென்று சந்தீப் தத்தா என்பவர் எழுதி, எவரும் எடுத்துத் திருத்தலாம் என்ற உரிமத்தில் வெளியிட்டது. நிரலே எழுதத் தெரியாதவர்களுக்கு கிறிஸ் மால்ட்பியின் ஜிபி ஸ்டூடியோ 2019இல் வந்தது. அதில் காட்சிகளை வரைந்து வைத்து, நிகழ்வுகளை மவுஸால் அடுக்கினாலே கேம் ஆகிவிடும். அம்மையாருக்கு இது அவ்வளவு பிடிக்கவில்லை. அசெம்ப்ளியில் தொடங்கினால்தான் கருவி பிடிபடும் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஜிபி ஸ்டூடியோவில் ஒரே ஒரு சின்ன கேமை முடித்துப் பார்த்தவருக்குத்தான், அது உள்ளே எப்படி ஓடுகிறது என்ற பசி வரும். அந்தப் பசியோடு அசெம்ப்ளிக்குள் வருகிறவர் பாதியில் விட்டுவிட்டுப் போகமாட்டார்.

இந்தப் பட்டறை இப்படி ஒரு மாலைப்பொழுதில் கைக்கு வருகிறதென்றால், சம்பளம் வாங்காத பலர் முப்பது ஆண்டுகளாக உழைத்திருக்கிறார்கள் என்று பொருள். 1995இல் பான் என்ற புனைபெயர்க்காரர் ஒருவர், கேம் பாயின் உட்புறத்தைப் பற்றித் தாம் கண்டறிந்ததையெல்லாம் ஓர் ஆவணமாக எழுதி வெளியிட்டார். மராத் ஃபைசுல்லின், பாஸ்கல் ஃபெல்பர், பால் ராப்சன், மார்ட்டின் கோர்த் எனப் பலர் அதில் சேர்த்தார்கள், திருத்தினார்கள். பான் டாக்ஸ் என்ற பெயரில் அது இன்றும் திருத்தப்பட்டு வருகிறது. இந்தத் தொழிலுக்கு வேதமே அதுதான். ஆர்ஜிபிடிஎஸ்ஸின் கதையும் இப்படித்தான். அதன் முதல் வடிவத்தை கார்ஸ்டன் சோரன்சன் 1996இல் எழுதினார். 1999இல் ஜஸ்டின் லாய்ட் அதை கேம் பாய்க்கென்று திருத்தி இந்தப் பெயரில் வெளியிட்டார். 2009இலும் 2010இலும் வேறு இருவர் எடுத்துச் செப்பனிட்டார்கள். அவர்களுக்குப் பின்னும் கை மாறி, இன்று ஒரு குழு பராமரிக்கிறது. ஒருவர் களைத்து விட்டுப்போனால் இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். கேம் செய்தவரின் பெயர் தொடக்கத் திரையில் வரும். கேம் செய்யும் கருவியைச் செய்தவரின் பெயர் எங்கும் வருவதில்லை. வெட்டிங் குழுவினர் தங்கள் கேமின் இறுதித் திரையில் இந்தப் பெயர்களைப் போடுகிறார்கள். எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டும்.

கோப்பின் தலைப்பகுதி என்றேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கேம் பாயை இயக்கியதும் நிண்டெண்டோ என்ற எழுத்துகள் மேலிருந்து இறங்கி வந்து நடுவில் நிற்கும். ஒரு மணியொலி கேட்கும். அந்தச் சின்னத்தின் படம் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கிறது, ஹெக்ஸ் எண்ணில் 0104 முதல் 0133 வரையுள்ள முகவரிகளில், 48 பைட்டுகளாக. கருவிக்குள் 256 பைட் அளவில் ஒரு தொடக்க நிரல் உண்டு. அது கார்ட்ரிட்ஜிலுள்ள சின்னத்தைத் தன்னிடமுள்ள படியோடு ஒப்பிடும். ஒரு பைட் பிசகினாலும் கருவி அப்படியே நின்றுவிடும். வணிகச் சின்னத்தையே பூட்டாக்கிய ஏற்பாடு இது: உரிமம் இல்லாதவர் கேமை ஓட்ட வேண்டுமானால் நிண்டெண்டோவின் சின்னத்தைப் படியெடுத்தாக வேண்டும், படியெடுத்தால் வழக்கு வரும்.

அந்தத் தொடக்க நிரல் வேலை முடிந்ததும் தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும். பிறகு எந்த நிரலாலும் அதைப் படிக்க முடியாது. பல ஆண்டுகள் அதன் உள்ளடக்கம் வெளியே தெரியாமலே இருந்தது. 2003இல் நெவிக்ஸ்டி என்ற புனைபெயர்க்காரர் சில்லின் மேலோட்டை அகற்றி, நுண்ணோக்கியில் வைத்து, 2048 பிட்டுகளையும் கண்ணால் பார்த்தே எழுதி எடுத்தார். இதைச் சொல்லும்போது அம்மையாரின் குரலில் இருந்த மரியாதையை நான் வேறு எந்தப் பெயருக்கும் கேட்கவில்லை. சட்டப் பக்கத்தில், செகா நிறுவனம் அக்கொலேட் என்ற கேம் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கை இவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதுவும் இதே மாதிரிப் பூட்டைப் பற்றியது. 1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், தன் கேம் அந்த கன்சோலில் ஓட வேண்டும் என்பதற்காக உட்புறத்தை ஆராய்ந்து பார்ப்பது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. இன்று ஆர்ஜிபிடிஎஸ்ஸின் நான்காவது நிரல் அந்த 48 பைட்டுகளையும் சரிபார்ப்பு எண்களையும் தானாகவே எழுதிவிடுகிறது.

இனி வேலையின் உயிர்நிலைக்கு வருகிறேன். கேம் பாயின் திரை 160க்கு 144 பிக்சல். விநாடிக்கு ஏறத்தாழ 60 முறை அது புதிதாக வரையப்படுகிறது. 144 வரிகளையும் வரைந்து முடித்தபின், இன்னும் 10 வரி வரைகிற நேரத்துக்குப் படச்சுற்று சும்மா இருக்கும். இந்த ஓய்வை வீபிளாங்க் என்கிறார்கள். ஒரு மில்லி விநாடிக்குச் சற்றே கூடுதல், 1.09 என்று வைத்துக்கொள்ளலாம். வரி வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போது பட நினைவகத்தில் எதை எழுதினாலும் அது போய்ச் சேராது; கருவி பிழை என்றும் சொல்லாது, எழுதியது காணாமல் போகும். வரிகளுக்கு நடுவே சிறு சிறு இடைவெளிகள் உண்டு என்றாலும், நிம்மதியாக வேலை செய்யக் கிடைப்பது அந்த ஒரு மில்லி விநாடிதான். எதிரி நகர வேண்டுமா, கதவு திறக்க வேண்டுமா, மதிப்பெண் மாற வேண்டுமா, எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

அம்மையார் தம் நிரலைக் காட்டினார். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அது செயலியின் எத்தனை சுழற்சியை எடுக்கும் என்று குறித்திருக்கிறார். வீபிளாங்க் முழுவதற்கும் 1140 சுழற்சிகள். நகரும் உருவங்களான ஸ்பிரைட்டுகள் 40; அவற்றின் விவரம் 160 பைட். அதை மொத்தமாகக் கடத்த வன்பொருளிலேயே ஒரு வசதி இருக்கிறது, 160 சுழற்சியில் முடித்துவிடும். ஆனால் அந்தக் கடத்தல் நடக்கும்போது செயலி வேறு எந்த நினைவகத்தையும் தொட முடியாது, 127 பைட் அளவுள்ள ஒரு மூலையைத் தவிர. எனவே கடத்தலைத் தொடங்கிவைத்துக் காத்திருக்கும் சின்ன நிரல்துண்டை முன்கூட்டியே அந்த மூலைக்குக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். மிச்சமுள்ள சுழற்சிகளில் எத்தனை டைலை மாற்றலாம் என்று கணக்குப் போட்டுத்தான் கேமின் காட்சிகளையே தீர்மானிக்கிறார்கள். பெருக்கலுக்கு இந்தச் செயலியில் கட்டளை கிடையாது. பத்தால் பெருக்க வேண்டுமானால் எண்ணை ஒருமுறை இரட்டித்து எடுத்து வைத்துக்கொண்டு, இன்னும் இருமுறை இரட்டித்து இரண்டையும் கூட்ட வேண்டும்.

“இந்தக் கருவி முழுவதையும் நான் தலைக்குள் வைத்துக்கொள்ள முடியும். ஆய்வகத்தில் நான் தொடுகிற எந்தக் கணினியைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது” என்றார் அம்மையார். அவர் இதைச் செய்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று எனக்குப் பட்டது. 8 கிலோபைட் வேலை நினைவகம், 8 கிலோபைட் பட நினைவகம், நான்கு ஒலித்தடங்கள், எட்டு பொத்தான்கள். இப்படி எளிமையாக அமைந்ததற்குப் பின்னால் ஒரு மனிதரின் தீர்மானம் இருக்கிறது. கேம் பாய் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய குன்பே யோகோய், புத்தம்புது நுட்பத்தைத் துரத்தாமல், பழகி மலிந்த நுட்பத்தைப் புதிய விதத்தில் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை உடையவர். வண்ணத் திரைகொண்ட போட்டிக் கருவிகள் பேட்டரியை விழுங்கிக்கொண்டிருந்தபோது, நான்கு சின்ன பேட்டரியில் அவற்றைவிட நெடுநேரம் ஓடியது இந்தக் கருவி. பின்னால் வந்த கேம் பாய் கலரையும் சேர்த்தால் 11.87 கோடி விற்றிருக்கிறது.

எமுலேட்டரில் ஓடும் கேம் நிஜக் கருவியிலும் ஓடும் என்று நம்பக்கூடாது. மேசை இழுப்பறையில் அம்மையார் தம் ஆரம்ப கால கேம் ஒன்றை வைத்திருக்கிறார். எமுலேட்டரில் அது ஒழுங்காக ஓடுகிறது. கேம் பாயில் போட்டால் எழுத்துகள் பாதி பாதியாகத் தெரிகின்றன, ஓர் ஓரத்தில் குப்பை மினுங்குகிறது. காரணம் இரண்டு. அவர் அன்று பயன்படுத்திய எமுலேட்டர் எந்த நேரத்திலும் பட நினைவகத்தில் எழுத அனுமதித்துவிட்டது. அது நினைவகத்தைப் பூஜ்யத்தால் நிரப்பித் தொடங்கியது. நிஜக் கருவியிலோ மின்சாரம் வந்ததும் நினைவகத்தில் கண்டபடி எண்கள் கிடக்கும். லியோர் ஹால்ஃபோன் எழுதிய சேம்பாய் போன்ற இன்றைய எமுலேட்டர்கள் இந்த விஷயத்தில் கறாரானவை. அப்படியும் அவர் வாரம் ஒருமுறையாவது நிஜக் கருவியில் ஓட்டிப் பார்க்கிறார். இன்னொரு எச்சரிக்கையையும் சொன்னார்: வீபிளாங்க் அல்லாத நேரத்தில் திரையை அணைத்தால் திரையே கெட்டுப்போகலாம். பான் டாக்ஸிலும் இது எழுதியிருக்கிறது. மென்பொருள் எழுதுகிறவர் கையால் வன்பொருள் பழுதாகும் என்பது இந்தத் தலைமுறை நிரலாளர்களுக்குப் புதிய செய்தி.

படம் வரையும் இளைஞரோடுதான் அதிக நேரம் இருந்தேன். அவருடைய உலகம் எட்டுக்கு எட்டு கட்டங்கள். ஒரு டைலுக்கு 64 பிக்சல், பிக்சலுக்கு நான்கு சாயல், ஆக 16 பைட். ஸ்பிரைட் என்றால் ஒரு சாயல் ஒளிபுகும் தன்மைக்குப் போய்விடும், மூன்றுதான் மிஞ்சும். ஒரே கிடைவரியில் பத்து ஸ்பிரைட்டுக்கு மேல் வந்தால் பதினோராவது தெரியாது. திரையை நிரப்ப 20க்கு 18 என்று 360 டைல் வேண்டும். பட நினைவகத்திலோ மொத்தமே 384 டைலுக்குத்தான் இடம். அதனால் ஒரே செங்கல்லை வீட்டுச் சுவருக்கும் கிணற்றுக்கும் மலைக்கும் பயன்படும்படி வரைகிறார். அவர் வரைந்த ஓர் இலை, வேறு சாயலில் பறவையின் சிறகாகிறது.

தமிழ் எழுத்து இதில் வருமா என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆங்கில எழுத்து ஒரு டைலுக்குள் அடங்கிவிடும். நம்முடைய ‘ண’வையும் ‘ஞ’வையும் எட்டு பிக்சல் அகலத்தில் வாசிக்கும்படி எழுதவே முடியாது. பதினாறுக்குப் பதினாறு வேண்டும், அதாவது எழுத்துக்கு நான்கு டைல். இருவரும் தாளில் கணக்குப் போட்டோம். உயிரெழுத்துகள், ஆய்தம், அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18, இகர ஈகார உகர ஊகார வரிசைகளில் 72, தனியே நிற்கும் கால், கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி என்று கிரந்தம் சேர்க்காமலே சுமார் 125 வடிவங்கள். நான்கால் பெருக்கினால் 500 டைல். நினைவகம் கொள்ளாது. இளைஞர் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘க’வுக்கும் ‘க்’குக்கும் கீழ்ப்பாதி ஒன்றுதானே, அதை ஒருமுறை வைத்தால் போதுமே என்றார். ஜப்பானிய எழுத்தின் தலையில் வரும் சிறு கோடுகளைப் பழைய கேம்கள் மேல்வரிசை டைலில் தனியாக வைத்ததை எடுத்துக் காட்டினார். எல்லா எழுத்தையும் நினைவகத்தில் வைக்க வேண்டியதுமில்லை. திரையில் இப்போது தெரியும் வாக்கியத்துக்கு வேண்டியதை மட்டும் கார்ட்ரிட்ஜிலிருந்து கொண்டுவரலாம் என்றார் அம்மையார், அந்த ஒரு மில்லி விநாடியில் எத்தனை எழுத்து வந்து சேரும் என்று அப்போதே எண்ணத் தொடங்கியவராக. பிறமொழிக்காரர் இருவர் நம் எழுத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்ட அந்த நேரம் எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது.

டிவி மெக்கானிக்கின் மேசை சமையலறை ஜன்னலோரம். சால்டரிங் அயர்ன், ஃப்ளக்ஸ், பூதக்கண்ணாடி விளக்கு. சோதனைக்கு எவர்டிரைவ் என்ற கார்ட்ரிட்ஜை வைத்திருக்கிறார்கள்; உக்ரைனைச் சேர்ந்த ஈகோர் கொலுபோவ்ஸ்கி உருவாக்கியது. மெமரி கார்டில் கோப்பைப் போட்டுச் செருகினால் கேம் ஓடும். விற்பனைக்கான கார்ட்ரிட்ஜை இவர் ஒவ்வொன்றாகக் கையால் செய்கிறார். புதிய சர்க்யூட் போர்டில் ஃப்ளாஷ் சில்லு, பெரிய கேமைப் பகுதி பகுதியாகப் புரட்டிக் காட்டும் வங்கிச் சில்லு, விளையாட்டைச் சேமிக்க ஒரு நினைவகம், அதை உயிரோடு வைத்திருக்க ஒரு பொத்தான் பேட்டரி. விளிம்பில் 32 தொடுமுனைகள். பழைய கார்ட்ரிட்ஜை உடைத்து ஓட்டையும் போர்டையும் எடுத்துக்கொள்வது மலிவான வழிதான். அதை அவர் செய்வதில்லை. “அதுவும் யாரோ செய்த கேம்” என்றார். மலிவான போலிகள் சந்தையில் நிறைந்து கிடக்கும்போது இந்த உறுதி அவருக்குச் செலவு வைக்கிறது. அவர் செய்வதுதான் சரி.

வாசகர்களில் கணினி படிக்கும் மாணவர்கள் இருப்பீர்கள். செய்து பார்க்க கேம் பாய் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. உங்களிடம் உள்ள கணினி எவ்வளவு பழையதானாலும் போதும். முதலில் பான் டாக்ஸை வாசியுங்கள். டோபு டோபு கேர்ள், மைக்ரோசிட்டி ஆகிய இரண்டு கேம்களின் மூலநிரலும் திறந்து கிடக்கிறது. வரி வரியாகப் படியுங்கள். பிறகு ஒரு கட்டத்தை நகர்த்துங்கள். அதன்பின் முடிந்தால் அந்த 500 டைல் கணக்கைக் கையில் எடுங்கள். கீழ்ப்பாதிகளைப் பொதுவாக்கி, வாசிக்க நன்றாக இருக்கும் ஒரு தமிழ் டைல் தொகுப்பை வரைந்து, எவரும் எடுத்துக்கொள்ளும் உரிமத்தில் வெளியிடுங்கள். உங்களுக்குப் பின்னால் தமிழில் கேம் எழுத வருகிறவர் உங்கள் பெயரை இறுதித் திரையில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவும் தயங்காதீர்கள்.